தனிப்பட்ட வேதவாசிப்புக்கு இருமொழி வேதாகமமா, விளக்கவுரை வேதாகமமா: தெரிவுசெய்யும் முறை

வேதாகமத்தை வீட்டில் தனியாக அமர்ந்து படிக்க விரும்பும் ஒருவர், புத்தகக் கடைக்குச் சென்று "ஸ்டடி பைபிள் ஒன்று தாருங்கள்" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்பதற்கு முன்னர் அவர் தமக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. வசனம் என்ன சொல்கிறது என்பதை மேலும் தெளிவாகக் காண்பதற்கு உதவி தேவையா, அல்லது வசனத்தைப் பற்றி அறிந்தவர் ஒருவர் சொல்வதைக் கேட்பதற்கு உதவி தேவையா? முதலாவது தேவையை நிறைவேற்றுவது இருமொழி வேதாகமம். இரண்டாவதை நிறைவேற்றுவது, வசனங்களுக்குக் கீழே விளக்கக் குறிப்புகள் அச்சிடப்பட்ட விளக்கவுரை வேதாகமம். இரண்டும் பயனுள்ளவையே. ஆயினும் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் இருமொழி வேதாகமத்தையே வாங்க வேண்டும், அதில் சில காலம் பழகிய பின்னரே விளக்கவுரைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளக்கவுரையோடு தொடங்குகிறவரின் கண் நாளடைவில் பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கே முதலில் செல்லப் பழகிவிடுகிறது; அதன் பின்னர் அவர் வாசிப்பது குறிப்புகளை மட்டுமே.

தமிழ் படித்தவர்களுக்கு உரை என்பது புதிய பொருளன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர். மணக்குடவர் கொண்ட பொருளைப் பரிமேலழகர் மறுத்த இடங்கள் பல. இருந்தும் குறள் எது, உரை எது என்பதில் நாம் மயங்குவதில்லை. வேதாகமத்தில் அந்த மயக்கம் மிக எளிதில் நேர்ந்துவிடுகிறது. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் கணித்த "கி.மு. 4004" என்ற படைப்பின் ஆண்டு, 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சிடப்பட்டு வந்ததால், அதுவும் வேதவாக்கியத்தின் ஒரு பகுதியே என்று பல தலைமுறையினர் நம்பினர். ஒரே அட்டைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே மதிப்போடு பார்ப்பது பக்தியுள்ள வாசகருக்கு இயல்பு. அதனாலேயே, அந்த அட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை வாங்கும் முன்னரே ஆராய்வது அவசியமாகிறது.

முதலில் தமிழ்ப் பாடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொழும்புக்கும் தமிழ் வேதாகமத்துக்கும் உள்ள உறவு பழையது. தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715 அளவில் அச்சில் வந்தது. 1759இல், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், பிலிப் த மெல்லோ என்ற தமிழ்க் குருவானவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இந்தக் கொழும்பு நகரிலேயே அச்சிடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் பணியாற்றிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. இன்று எமது சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுபெற்ற திருப்புதலாகும். "பழைய திருப்புதல்" என்று நாம் சொல்வது இதனையே. கத்தோலிக்கர் வீடுகளில் பரவலாக இருப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். இது கத்தோலிக்க, சீர்திருத்த சபைகளின் அறிஞர்கள் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு என்பதால், சீர்திருத்த சபையினரும் தயக்கமின்றி ஒப்புநோக்கப் பயன்படுத்தலாம். இவை தவிர, எளிய நடையில் அமைந்த புதிய மொழிபெயர்ப்புகளும் உண்டு.

நீங்கள் வாங்கும் இருமொழி வேதாகமத்தின் தமிழ்ப் பாடம், அதாவது தமிழ் மொழிபெயர்ப்பின் வாசகம், உங்கள் சபையில் வாசிக்கப்படும் பாடமாகவே இருக்கட்டும். ஞாயிறு காதில் விழுந்த வசனம் திங்கள் காலையில் அதே சொற்களில் கண்ணுக்கும் கிடைத்தால் மனதில் நிற்கும். ஒப்புநோக்கலுக்கான மற்றப் பாடத்தை உங்கள் விருப்பப்படி தெரிவுசெய்யலாம்.

இருமொழி வேதாகமத்தில் கவனிக்க வேண்டியவை

பாடங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் முறை, கிறிஸ்தவ உலகில் மூன்றாம் நூற்றாண்டிலேயே உண்டு. ஓரிகன் என்ற அறிஞர் பழைய ஏற்பாட்டின் எபிரெயப் பாடத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அடுக்கி ஒப்புநோக்கினார். அவர் ஆறு பத்திகளில் செய்ததை நாம் இரண்டு பத்திகளில் செய்கிறோம்.

எமது நகரத்தில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொண்டால், பெற்றோர் தமிழில் ஜெபிக்கிறார்கள்; பிள்ளைகள் ஆங்கில மொழிமூலத்தில் கற்கிறார்கள்; சிலர் சிங்கள மொழிமூலத்திலும் கற்கிறார்கள். குடும்ப ஜெபத்தில் தாய் தமிழ்ப் பத்தியை வாசிக்க, மகள் அதே பக்கத்தின் ஆங்கிலப் பத்தியைக் கண்ணால் தொடர முடிவது சிறிய நன்மையன்று. பிள்ளை தமிழை மறக்காதிருப்பதற்கும், பெற்றோர் பிள்ளையின் கேள்வியைப் புரிந்துகொள்வதற்கும் இந்த ஒரு புத்தகமே உதவுகிறது.

ஆனால் எந்த ஆங்கிலப் பதிப்போடு தமிழ் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இதுவே பலரும் தடுமாறும் இடம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். 36ஆம் வசனத்தில் எத்தியோப்பிய மந்திரி, "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறார். பழைய திருப்புதலில் 37ஆம் வசனம் பிலிப்புவின் பதிலையும் மந்திரியின் விசுவாச அறிக்கையையும் தருகிறது. 38இல் ரதம் நிறுத்தப்படுகிறது. ஆங்கிலப் பத்தியில் கிங் ஜேம்ஸ் பதிப்போ புதிய கிங் ஜேம்ஸ் பதிப்போ இருந்தால், அங்கும் 37 இருக்கும். என்.ஐ.வி., ஈ.எஸ்.வி., என்.ஆர்.எஸ்.வி. ஆகிய புதிய ஆங்கிலப் பதிப்புகளில் ஒன்றாக இருந்தால், 36க்கு அடுத்து நேராக 38 வரும். எமது வேதபாட வகுப்பில் ஒரு தம்பி இந்த இடத்தில் திகைத்துப்போய், "ரீச்சர், 37ஆம் வசனத்தைக் காணேல்லையே" என்று கேட்டபோது, அருகில் இருந்த சிலருக்கும் முகம் மாறியது. யாரோ வேதவாக்கியத்தை வெட்டிவிட்டார்கள் என்றே அவர்கள் அஞ்சினார்கள்.

நடந்தது வேறு. பவர் குழுவினர், கிங் ஜேம்ஸ் பதிப்பு பின்பற்றிய அச்சிட்ட கிரேக்கப் பாடத்தையே பெரிதும் ஒட்டிச் சென்றனர். சீனாய் மலை மடத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் திசென்டோர்ஃப் கண்டெடுத்த பிரதி போன்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த வசனம் இல்லை. அவற்றை அடிப்படையாகக் கொண்ட பிற்காலப் பதிப்புகள் அதனை அடிக்குறிப்புக்கு நகர்த்தின. மத்தேயு 17:21, மாற்கு 9:44, யோவான் 5:4, ரோமர் 16:24 போன்ற இடங்களிலும் இதே நிலைதான். ஆகவே நிம்மதியான வாசிப்பை விரும்புகிறவர், பழைய திருப்புதலும் கிங் ஜேம்ஸ் வழிவந்த பதிப்பும் இணைந்த புத்தகத்தை வாங்கலாம். இரண்டு பத்திகளும் வசனத்துக்கு வசனம் ஒத்துச் செல்லும். ஆராய்ந்து படிக்க விரும்புகிறவருக்கு, வேறுபாடுகள் தெரியும் புதிய ஆங்கிலப் பதிப்போடு இணைந்த புத்தகமே சிறந்தது. நான் பரிந்துரைப்பதும் அதையே. ஆனால் அதில் அடிக்குறிப்புகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இட நெருக்கடி காரணமாக அடிக்குறிப்புகளை நீக்கிவிடும் இருமொழிப் பதிப்புகளும் உண்டு. காரணம் சொல்லும் குறிப்பு இல்லாமல் வெற்றிடம் மட்டும் தெரிந்தால், அது கலக்கத்தைத்தான் தரும்.

இரண்டு பத்திகளும் எப்படி ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன என்பதையும் கவனியுங்கள். தமிழ் வசனம் பெரும்பாலும் ஆங்கில வசனத்தைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும். நல்ல பதிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் இரு மொழியும் ஒரே வசனத்தில் தொடங்கும். அவசரமாகச் செய்த பதிப்பில் தமிழ் ஒரு பக்கம் பின்தங்கி ஓடும். நீண்ட அதிகாரமான சங்கீதம் 119இன் நடுப்பகுதியைத் திறந்து பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

தமிழிலேயே இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட விரும்புகிறவர்கள், இரண்டு தனிப் புத்தகங்களை மேசையில் அருகருகே விரித்து வைத்துக்கொள்வதே எளிது. இதன் பயனை எபேசியர் 1:3-14இல் காணலாம். கிரேக்கத்தில் இந்தப் பகுதி முழுவதும் ஒரே நீண்ட வாக்கியம். பழைய திருப்புதல் அந்தச் சங்கிலியை இயன்றவரை அறுக்காமல் கொண்டுசெல்கிறது. அதனால் எது எதைச் சார்ந்தது என்பது தெரியும், ஆனால் ஒரே மூச்சில் பொருளைப் பிடிப்பது கடினம். புதிய மொழிபெயர்ப்புகள் அதனைச் சிறு வாக்கியங்களாகப் பிரிக்கின்றன. பொருள் உடனே விளங்கும், ஆனால் கருத்துகளுக்கு இடையிலுள்ள தொடர்பு தளர்ந்துபோகும். இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவருக்குத் தெளிவும் தொடர்பும் கிடைக்கின்றன. திருவிவிலியத்தை இப்படிப் பயன்படுத்துகிறவர்கள் நூற்பெயர்கள் வேறாக இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்: ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், உபாகமம் இணைச்சட்டம். கத்தோலிக்கத் திருமுறையின்படி 73 நூல்கள். சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் 66.

விளக்கவுரையை எப்படிச் சோதிப்பது

குறிப்புகளின் வலிமையை அரசர்களே அறிந்திருந்தார்கள். 1560இன் ஜெனீவா வேதாகமத்தில், யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில் மருத்துவச்சிகள் பார்வோனின் கட்டளையை மீறியது சரியே என்று ஓரக்குறிப்பு சொல்லியது. முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு அது பிடிக்கவில்லை. 1611இல் வெளிவந்த அவருடைய பதிப்பின் மொழிபெயர்ப்பாளர்களுக்கு, எபிரெய, கிரேக்கச் சொற்களை விளக்குவதற்கு அன்றி வேறு ஓரக்குறிப்பு எழுதக்கூடாது என்று விதி வகுக்கப்பட்டது. குறிப்பை எழுதுகிறவருக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. வாசகர் அதை அறிந்தே வாசிக்க வேண்டும்.

ஆகையால் முகவுரையிலிருந்து தொடங்குங்கள். யார் எழுதினார், எந்த ஆண்டில், எந்தச் சபை மரபில் நின்று எழுதினார் என்ற மூன்றையும் முகவுரை சொல்ல வேண்டும். சொல்லாத புத்தகத்தை நான் வாங்கமாட்டேன். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள், வரலாற்றை ஏழு காலங்களாகப் பகுத்து வாசிக்கும் போதனையை எங்கும் பரப்பின. கடைசிக் காலத்தைப் பற்றி எமது ஜெபக் கூட்டங்களில் பேசப்படும் பலவற்றின் ஊற்று அங்கே இருக்கிறது. ஆங்கிலேயப் போதகர் மத்தேயு ஹென்றியின் உரை பக்தி நிறைந்தது, இன்றும் வாசிக்கத் தக்கது. ஆனால் அவர் 1714இல் மறைந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரையே முடித்திருந்தார். நிருபங்களுக்கான பகுதியை வேறு குருமார் நிறைவுசெய்தனர். அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்தவை எவையும் அவர் காலத்தில் இல்லை. இவற்றை அறிந்து வாசிக்கிறவர் அவரிடமிருந்து பெறத்தக்கதைப் பெறுவார்.

முகவுரைக்குப் பின்னர், கடையில் நின்றபடியே சில இடங்களைத் திறந்து பாருங்கள். முதலாவதாக 1 பேதுரு 3:19. காவலிலுள்ள ஆவிகளுக்குக் கிறிஸ்து பிரசங்கித்தார் என்ற இந்த வசனம் எல்லா நூற்றாண்டுகளிலும் அறிஞர்களைத் திணறவைத்தது. "பலர் பலவாறு பொருள் கொள்கிறார்கள், அவை இவை" என்று சொல்லும் குறிப்பு நேர்மையானது. ஒரே விளக்கத்தை ஐயமின்றிச் சொல்லும் குறிப்பை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள எளிய வசனங்களுக்கு நீளமாக எழுதிவிட்டு இந்த வசனத்தை மௌனமாகக் கடந்துசெல்லும் புத்தகத்தை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 20இலும் இதே சோதனையைச் செய்யலாம்; ஆயிரம் வருட அரசாட்சியைப் பற்றிய மூன்று முக்கிய நிலைப்பாடுகளில் எதனை அந்த நூல் ஏற்கிறது, மற்றவற்றை மரியாதையோடு குறிப்பிடுகிறதா என்பது அங்கே தெரியும். "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்று இயேசு பேதுருவிடம் சொல்லும் மத்தேயு 16:18க்கான குறிப்பு, அந்த நூலின் சபை மரபைக் காட்டிவிடும். பின்னணிக் குறிப்புகளின் தரத்தை அறிய யோவான் 4:9 போதும்: யூதருக்கும் சமாரியருக்கும் இடையிலான பகைக்கு 2 இராஜாக்கள் 17இல் தொடங்கும் வரலாற்றை அது சொல்ல வேண்டும்.

கொழும்பில் வாழ்கிறவருக்கு நான் மிக முக்கியமாகக் கருதும் சோதனை 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையான அதிகாரங்கள். விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றை உண்பதா என்ற கேள்வி மேலைநாட்டு வாசகருக்குப் பழங்கதை. ஆகவே அங்கே எழுதப்பட்ட நடைமுறைக் குறிப்புகள், பவுலின் அறிவுரையை மதுபானம், பொழுதுபோக்கு போன்ற வேறு விடயங்களுக்கு உடனே மாற்றிவிடுவதுண்டு. எமக்கோ அது அயல்வீட்டு அக்கா கோவில் திருவிழா முடிந்து வாழையிலையில் பொங்கலும் வடையும் கொண்டுவந்து நீட்டும்போது வாசலிலேயே எழும் கேள்வி. அந்தப் பலகாரத்தை வாங்குவதா, மறுப்பதா, மறுத்தால் அவருடைய மனம் என்னாகும், வாங்கினால் அருகில் நிற்கும் புதிய விசுவாசி என்ன நினைப்பார் என்பவற்றையெல்லாம் பவுல் ஏறக்குறைய இதே ஒழுங்கில் ஆராய்கிறார். கொரிந்து நகரத்துக் கோவில் விருந்துகளையும் சந்தையில் விற்ற இறைச்சியையும் ஒழுங்காக விளக்கும் குறிப்பு ஒன்று இருந்தால், மிச்சத்தை நாமே சிந்தித்துக்கொள்வோம். பொதுவாகவே, வரலாற்றையும் பாட வேறுபாட்டையும் சொல்லும் குறிப்புகள் மிகுந்த நூல் நீண்ட காலம் உதவும்; "இன்று நீங்கள் செய்ய வேண்டியது" என்ற வகைக் குறிப்புகள் மிகுந்த நூல், எழுதப்பட்ட ஊரைவிட்டு வெளியே வந்ததும் பொருத்தம் குறைந்துவிடுகிறது.

தமிழில் வந்துள்ள விளக்கவுரை வேதாகமங்களில் பல, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. அவற்றில் குறிப்புகள் ஓர் ஆங்கிலப் பதிப்பின் சொற்களுக்காக எழுதப்பட்டிருக்க, மேலே அச்சிடப்பட்டிருப்பது பழைய திருப்புதலாக இருக்கும். குறிப்பில் விளக்கப்படும் சொல் மேலேயுள்ள வசனத்தில் உண்மையில் இருக்கிறதா என்று நான்கைந்து இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வாமை அடிக்கடி தென்பட்டால், ஆங்கிலம் நன்கு வாசிக்கக்கூடியவர் அந்த நூலின் மூலத்தையே வாங்கி, தமிழ் வேதாகமத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஒத்துவாக்கிய வேதாகமம். அதில் எவருடைய கருத்தும் இல்லை. ஒவ்வொரு வசனத்தோடும் தொடர்புடைய வேறு வசனங்களின் எண்கள் மட்டுமே இருக்கும். எபிரெயருக்கு எழுதின நிருபத்தை அந்த எண்களைப் பின்தொடர்ந்து லேவியராகமத்துக்கும் சங்கீதங்களுக்கும் போய்ப்போய் வந்து படிப்பவர், பெரிய உரைநூல் ஒன்று தரும் பயனில் பாதியைத் தம் கைப்பட அடைந்துவிடுவார். பணம் குறைவாக உள்ளவருக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

தாள், கட்டு, எழுத்து

எமது ஈரப்பதமான காலநிலையில் இது சிறிய விடயமன்று. கடலோரமாக வசிப்பவர்களின் வீடுகளில், தோல்போலத் தோன்றும் செயற்கை உறைகள் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்துவிடுகின்றன. துணி ஒட்டிய கெட்டி அட்டை அதைவிட நெடுநாள் உழைக்கும். புத்தகத்தை நடுவில் விரித்து முதுகுப்புறத்தைப் பாருங்கள்: தாள்கள் மடிக்கப்பட்டு நூலால் தைக்கப்பட்டிருக்க வேண்டும். பசையால் மட்டும் ஒட்டிய கட்டு, இருமொழி வேதாகமத்தின் பாரத்தைத் தாங்காது. ஒரு தாளை மட்டும் உயர்த்தி, மறுபக்கத்து எழுத்து எவ்வளவு ஊடுருவித் தெரிகிறது என்று பாருங்கள். தமிழ் எழுத்துகளின் சுழிகள் நெருக்கமானவை என்பதால், ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய அளவு தமிழில் போதாது. குறிப்புகளின் எழுத்தை இரவு விளக்கொளியில் வாசிப்பதாக எண்ணிப் பாருங்கள். மெல்லிய தாளில் குறிக்கப் பென்சிலே ஏற்றது. இராமபாணப் பூச்சியும் பூஞ்சணமும் அண்டாதிருக்க, மூடிய அலுமாரியில் அடுக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைத்து நாள்தோறும் திறப்பதே போதும்.

எங்கே வாங்குவது, எப்படித் தொடங்குவது

வாங்குவதற்கு முன்னர் ஓரிரு வாரங்கள் யூவெர்ஷன் போன்ற செயலியில் தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு வாசியுங்கள். எந்தப் பாடத்தோடு உங்கள் மனம் ஒன்றுகிறது என்பது செலவின்றித் தெரியும். பின்னர், 1812இல் நிறுவப்பட்ட இலங்கை வேதாகமச் சங்கத்தின் கொள்ளுப்பிட்டி காலி வீதி நிலையத்துக்குச் சென்று, இருப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். செப்டெம்பரில் நடைபெறும் கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் பல பதிப்புகளை ஒரே நாளில் ஒப்பிடலாம். சென்னைக்குச் செல்லும் உறவினரிடம் சொல்லி அனுப்புவோர், மொழிபெயர்ப்பின் பெயர், இணைந்த ஆங்கிலப் பதிப்பு, எழுத்தின் அளவு ஆகியவற்றை எழுதிக் கொடுப்பது நல்லது. "நல்ல பைபிள் ஒன்று" என்று சொல்லி அனுப்பினால், கடைக்காரர் கொடுத்ததே வந்துசேரும்.

படிக்கத் தொடங்கும்போது சிறிய நூலாக எடுங்கள். பிலிப்பியர் அல்லது ரூத் பொருத்தமானது. எங்கள் வகுப்பிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஞாயிறு ஆராதனைத் தாளை நீளவாக்கில் மடித்து, விளக்கவுரைப் பகுதியை மறைத்து வைத்துக்கொண்டே அதிகாரத்தை இரு முறை வாசிக்கிறார். எழுந்த கேள்விகளைப் பென்சிலால் அந்தத் தாளிலேயே எழுதுகிறார். அதன் பிறகுதான் தாளை விலக்கி, தம் கேள்விகளுக்கு மட்டும் குறிப்புகளில் பதில் தேடுகிறார். பதில் கிடைக்காதவற்றைக் குருவானவரிடம் கொண்டுபோகிறார். விளக்கவுரை வேதாகமத்தைக் கையாள இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது.

கடையை விட்டுப் புறப்படும் முன்னர் கடைசியாக ஒன்றைச் செய்யுங்கள். பக்க எண்களை விரைவாகப் புரட்டி, தாள்கட்டு ஏதேனும் விடுபட்டிருக்கிறதா, இருமுறை சேர்ந்திருக்கிறதா, தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இத்தனை தடித்த நூல்களில் அது நேர்வதுண்டு; வீட்டுக்குப் போய் ஏசாயாவின் நடுவில் கண்டுபிடித்தாலும் மாற்றிக்கொள்ளும்படி, பற்றுச்சீட்டை அட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.